இருக்கிறானாம்

எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் என் படிப்பைப் பற்றி விளக்கம் சொல்வதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். தானியங்கிக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்திருக்கும் பெயர் ‘ஓட்டோமாத்திக்’. மெத்ரோவடியில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர் அதைக் கேட்டதும், “அப்ப பிள்ளை, உடுப்புத் தோய்க்கிற மெசின் திருத்துற வேலையோ?” என்றார். காசு போட்டுத் துணி தோய்க்கும் கடைகளின் பலகையிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது, அவரில் பிழையில்லை. “ஓம் அண்ணை, அதுதான்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மாவே கொஞ்சக் காலம் அப்படித்தான் நம்பியிருந்தார்.

உண்மையில் நான் படித்தது பொய்யைப் பற்றி. தலைமை என்று ஒன்றில்லாத ஒரு வலைப்பின்னல். அதில் ஒவ்வொரு இயந்திரமும் அயலில் உள்ளவை சொல்வதைக் கேட்டுத் தன் கணிப்பைத் திருத்திக்கொண்டே போய், கடைசியில் எல்லாம் ஒரே முடிவுக்கு வர வேண்டும். நடுவில் சில பழுதாகிப் போகும், சில வேண்டுமென்றே பொய் சொல்லும். எது பொய்யென்று யாருக்கும் தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு. மற்றவற்றோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் சேதியைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை வைத்துக் கணிக்க வேண்டும். ஆனால் சேதிகள் வெவ்வேறு வழியாக வந்திருக்க வேண்டும். ஒரே வாயில் புறப்பட்டது பத்து வாயால் வந்து சேர்ந்தால் இந்த விதி ஆளை ஏமாற்றிவிடும்.

அண்ணாவின் படிப்பை யாரும் பகிடி பண்ணவில்லை. அவர் அடிப்படைத் துகள்களைப் பற்றிக் கரும்பலகையில் கணக்குப் போடுகிற கோட்பாட்டு இயற்பியல்காரர். சொந்தக்காரர் எல்லாருக்கும் அவர் ‘எங்கடை விஞ்ஞானி’. வீட்டில் அவர் வாயைத் திறந்தால் அதுதான் தீர்ப்பு.

2009இல் வன்னியில் எல்லாம் முடிந்தபோது எங்கள் தம்பி உள்ளே அகப்பட்டிருந்தான். சில கிழமைகள் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒரு நாள் சார்செலில் இருந்த எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. அகதி முகாமிலிருந்து, யாரோ ஒருவரின் போனில், மன்னார்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அம்மாவும் கேட்கட்டும் என்று நான் ஒலியைக் கூட்டி வைத்தேன்.

“அன்ரி, உங்கடை மகன் செத்துப்போனார். நான் பக்கத்திலைதான் இருந்தனான். சீலையாலை மூடிப்போட்டுத்தான் வந்தனாங்கள்.”

அம்மா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். “உன்ரை வாய் புழுக்க! ஆரடி நீ? என்ரை பிள்ளையைச் சாகடிக்க நீ ஆர்?” என்று திட்டித் திட்டி, என் கையிலிருந்த போனைப் பறித்து வைத்துவிட்டார்.

அதன் பிறகுதான் மற்றச் சேதிகள் வரத் தொடங்கின. முதலில் மரக்கறிக் கடைக்காரர் சொன்னார்: “அக்கா, தம்பி முகாமிலை இருக்கிறானாம்.” பிறகு கோயிலில் ஒருவர், கால் ஏலாமல் இருக்கிறானாம் என்றார். தாடி வளர்த்திருக்கிறானாம். வேறு பேரில் பதிந்திருக்கிறானாம். எல்லாவற்றின் வாலிலும் ஓர் ‘ஆம்’. எழுத்தில் அந்தச் சொல்லுக்கு உடன்பாடு என்று பொருள். எங்கள் பேச்சில் உடன்பாட்டுக்கு ‘ஓம்’ இருக்கிறது. வாலில் ஒட்டுகிற ‘ஆம்’ வேறு. நான் காணவில்லை, யாரோ சொன்னார்கள், என்னைக் கேட்காதே என்பதுதான் அதற்குப் பொருள்.

அண்ணா தீர்ப்புச் சொன்னார். “ஒருத்தி மட்டும்தான் செத்திட்டானெண்டு சொல்லுறா. மற்ற எல்லாரும் இருக்கிறானெண்டு சொல்லினம். எங்கடை துறையிலை, ஒரு துகள் கருவியிலை விழேல்லையெண்டதுக்காக அது இல்லையெண்டு ஆகாது. மிச்சக் கணக்கு இருக்கெண்டு சொன்னால், அது இருக்கு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அண்ணா, தம்பி நியூட்ரினோ இல்லை. அவனுக்குப் பசிக்கும். இருந்தால் ஒருக்காலெண்டாலும் போன் எடுத்திருப்பான்.”

“உனக்கென்ன விசரே? அம்மாவுக்கு முன்னாலை உந்தப் பேய்க்கதை கதைக்காதை.”

அண்ணா ஒட்டாத குரலை எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டார். என் விதியேதான், சேதிகள் வெவ்வேறு வழியாக வந்தவையா என்ற அதன் நிபந்தனையைத்தான் கேட்கவில்லை.

நான் கேட்டேன். கடைக்காரரிடம் போய், “அண்ணை, உங்களுக்கு ஆர் சொன்னது?” என்றேன். லா கூர்னெவ்விலிருந்து வருகிற வாடிக்கைக்காரர் ஒருவராம். அந்த மனிதருக்குச் சொன்னது வில்லியே லே பெல்லில் இருக்கிற அவருடைய மச்சாள். கோயில்காரரும் அந்த மச்சாள் வாயால்தான் கேட்டிருந்தார். அவளைத் தேடிப் போய்க் கேட்டேன். “நீங்கள் என்ன தங்கச்சி, தெரியாத மாதிரிக் கேக்கிறீங்கள்? ரயிலிலை பக்கத்திலை இருந்து உங்கடை அம்மாதானே சொன்னவ!” என்றாள்.

அம்மா சொன்னது ‘முகாமிலை எங்கையாவது இருப்பான்’ என்றுதான் இருக்க வேண்டும். அந்த ‘இருப்பான்’ வழியில் எங்கேயோ ‘இருக்கிறானாம்’ ஆகி, கால் நொந்து, தாடியும் வளர்த்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது. அண்ணாவிடம் சொன்னேன். அவர் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, “அம்மாட்டைச் சொல்லிப்போடாதை. தாங்கமாட்டா,” என்றார். அதுவும் தீர்ப்புத்தான்.

‘இருக்கிறானாம்’ என்கிற ஒருவனுக்கு எட்டாம் நாள் சடங்கும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை. எங்கள் வீட்டில் தம்பிக்கு ஒருவரும் ஒருநாளும் வாய்விட்டு அழவில்லை. அவன் பிறந்த நாளுக்கு அர்ச்சனை நடந்தது, பாயசம் வைத்தோம். என் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்ட நாளில், தனித்து நிற்கும் குரலை வெட்டி எறிகிற என் முறை மிக நேர்த்தியானது என்று பேராசிரியர் ஒருவர் பாராட்டினார். அண்ணா முன் வரிசையில் இருந்து கை தட்டினார். எனக்கு எழும்பி ஓடிவிட வேண்டும் போலிருந்தது. பிறகு அண்ணாவுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. தன் தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டு அங்கே போய்விட்டார். பாயசம் கிண்டுவது என் பங்காயிற்று.

சில வருடங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, அதே மரக்கறிக் கடையில் அம்மா முருங்கைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் சிலுவை போட்ட ஒரு பெண் கிட்ட வந்தாள். “அன்ரி, நான்தான் அண்டைக்கு முகாமிலையிருந்து போன் எடுத்தனான். உங்களைக் காண வேணுமெண்டு கன நாளாய்…”

அம்மா முருங்கைக்காயைப் போட்டுவிட்டு விறுவிறென்று வெளியே நடந்தார். நான் அவளிடம் ஏதோ குழறிவிட்டு ஓடினேன். மெத்ரோப் பாலத்துக்குக் கீழே பிடித்தேன். மேலே ரயில் போனது. அம்மா பழைய திட்டையே திட்டிக்கொண்டு நின்றார்: “வாய் புழுக்க, வாய் புழுக்க…”

என்னால் வாயைக் கட்ட முடியவில்லை. “காணும் அம்மா, நிப்பாட்டுங்கோ! முகாமிலை இருக்கிறானெண்ட கதை முழுக்க உங்கடை வாயிலையிருந்து வந்தது. நீங்கள் ரயிலிலை சொன்னதுதான் சுத்திச் சுத்தி எங்கடை வீட்டுக்கு வந்தது. நான் எல்லாரையும் விசாரிச்சனான்.”

‘தாங்கமாட்டா’ என்று அண்ணா சொன்ன அம்மா என்னை நேராகப் பார்த்தார்.

“தெரியும் பிள்ளை.”

“என்ன தெரியும்?”

“நான்தானே சொன்னனான். ஆரும் வந்து எனக்கு அதைத் திருப்பிச் சொல்ல வேணும் போலை கிடந்தது. சொல்லிச்சினம்.”

“அப்ப அந்தப் பிள்ளை மட்டும் என்ன பாவம் செய்தவள்? அவளை ஏன் இண்டைக்கும் திட்டுறீங்கள்?”

அம்மா சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார்.

“எல்லாரும் ‘ஆம்’ போட்டுத்தானே சொன்னவை,” என்றார். “அவள் போடேல்லையே.”