சேவியர் மாஸ்டர் சொல்லாமல் விட்டது

பழைய அணியின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒரு வரி: “மாஸ்டர் போயிட்டார்.” எந்த மாஸ்டர் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் மயிலாப்பூர் கல்லூரியில் சேவியர் மாஸ்டர் கால்பந்துப் பயிற்சியாளர். பேஸ்பாலையும் அவர்தான் கொண்டுவந்தார். கால்பந்து முடிந்ததும் அதே பையன்கள், அதே மைதானம். உருண்டு வரும் பந்தைக் கையுறையால் எடுக்காமல் காலால் நிறுத்துவோம். “இன்னாடா, ஆண்டவன் கைய எதுக்குக் குடுத்தான்? மெஸ்ல துன்றதுக்கா?” அவர் கத்தினால் தெரு வரைக்கும் கேட்கும்.

கிரிக்கெட் அதைவிடத் தொல்லை. தெருவில் மட்டை பிடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அடித்தபின் ஓடலாமா வேண்டாமா என்று பார்ப்போம். பேஸ்பாலில் அப்படிப் பார்க்க முடியாது. “அடிச்சா மட்டையப் போட்டுட்டு ஓடு. யோசிக்கிற வேலைய நான் பாத்துக்கறேன்” என்பார்.

என் கடைசி ஆண்டில், கோப்பை வராவிட்டால் பேஸ்பால் அணியைக் கலைத்துவிடுவதாக நிர்வாகம் சொன்னது. இறுதி ஆட்டம். ஓர் ஓட்டம் வந்தால் சமன். இன்னும் ஒருவர் அவுட்டானால் எல்லாம் முடிந்தது. நான் மூன்றாம் ‘பேஸில்’, அங்கிருந்து ஓடிக் கடைசித் தளத்தைத் தொட்டால் அந்த ஓட்டம். அடிப்பது இர்ஃபான்.

அடித்தான். பந்து நேராகத் தடுப்பாளரிடம் உருண்டது. கிரிக்கெட்டில் அதற்கு யாரும் ஓடமாட்டார்கள். அவனும் நின்றான். மட்டையோடு. நாங்கள் கத்தியபின்தான் ஓடினான். அவன் முதல் தளத்தைத் தொடுமுன் பந்து அங்கே போய்விட்டது. அவன் அவுட். அப்படி அவுட்டானால் நான் ஓடி முடித்த ஓட்டமும் செல்லாது.

எதற்கும் கத்துகிற மனிதர், அன்று அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மட்டைகளைப் பையில் அடுக்கிக்கொண்டே இருந்தார். இர்ஃபான் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திருவல்லிக்கேணிக்குப் பஸ் ஏறினான். அதன்பின் கால்பந்துக்கும் வரவில்லை.

அணி கலைந்தது. சில ஆண்டுகள் கழித்து மந்தைவெளி ஸ்டேஷனில் மாஸ்டரைப் பார்த்தேன். அவராகவே ஆரம்பித்தார்.

“எனக்கு அவன் மேல கோவமே இல்லடா. வாயத் தொறந்தா அழுதுடுவேன்னு சும்மா இருந்தேன். பையன் வேற மாதிரி எடுத்துக்கினான். அவனாண்ட சொல்லணும்.”

“நான் சொல்லட்டா, மாஸ்டர்?”

“நீ வேணாம். நான்தான் சொல்லணும்.”

கல்லறைத் தோட்டத்துக்கு இர்ஃபான் வந்திருந்தான். தி.நகரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மாஸ்டர் சொன்னதை இனி நான் சொல்லலாம் என்று தோன்றியது. சொன்னேன். மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மச்சி, அடிக்கடி கடைக்கு வருவாருடா. ‘போன் சரியில்ல’ன்னுவாரு. பிரிச்சுப் பாத்தா நல்லாத்தான் கீது. ‘ஒண்ணுமில்ல மாஸ்டர்’னா, ‘இன்னொரு தபா பாரு’ன்னுவாரு. டீ குடிச்சுட்டுப் போயிடுவாரு. திட்டத்தான் வராரு, மனசு வரலன்னு நெனச்சுக்கினு இருந்தேன்.”

இதைப் படிப்பவர்களில் அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் குரல் நினைவிருக்கும். மைதானத்தின் எந்தக் கோடியில் நின்றாலும் வந்து எட்டும். இர்ஃபானின் கடை மேசைக்கு எதிரே அவர் உட்கார்ந்திருந்தும் அது எழும்பாமல் போனதைத்தான் நான் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.