ஐந்தாவது பலகையில் காத்தவராயன்

கோலார் பக்கம், நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை காத்தவராயனுக்கு. பாறை சரியாமலிருக்க, லெவல் என்கிற சுரங்கப் பாதை நெடுக மரத்தூண் நிறுத்த வேண்டும். குடியாத்தம் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றில் அவனுக்கு முப்பது இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. சதுரங்கம் தெரியும்.

எங்கள் வாசகசாலைச் சதுரங்கச் சங்கத்தில் எல்லாரும் கணக்கெழுதும் ரைட்டர்கள், கோட்டு போட்டவர்கள். காரியதரிசி சாம்ராஜுக்குக் கழுத்துப் பித்தான் வரை பெருமை. சம்பள ஆபீசில் உட்கார்ந்திருந்த சுந்தரராஜ் என்ற நானும் அதே கும்பலில் ஒருவன்தான். காத்தவராயன் மூன்று வருஷமாக ஷிப்டு முடிந்து வந்து எங்கள் சன்னலுக்கு வெளியே நின்று ஆட்டம் பார்ப்பான். ஒருநாள், "யானைய தூக்கிக்கினு போயிடுவாங்க, பாத்துக்கோங்க ஐயா" என்றான். சாம்ராஜ் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார். யானை போயிற்று. நாங்கள் யாரும் போய்ச் சன்னலைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

கோலார் கோர்ட்டுக் குமாஸ்தாக்களின் சங்கத்துடன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து பலகைப் போட்டி வைத்திருந்தோம். அன்று காலை எங்கள் ஐந்தாவது ஆளுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. வேறு வழி இல்லாமல் சாம்ராஜ் காத்தவராயனைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னைக்கி மட்டும்தான். தோத்தா இந்தப் பக்கமே தலை காட்டக் கூடாது" என்றார்.

"கெலிச்சா மெம்பரு. சரிங்களா?"

தோற்பான் என்ற நம்பிக்கையில் சாம்ராஜ் தலையாட்டினார்.

அவன் மனைவி வெங்கடம்மா பின்னாளில் எங்களிடம் சொன்னாள். "தோத்தா இன்னா போச்சு, வூட்ல வந்து கஞ்சி குடின்னேன். உள்ள போயி உக்காரணும்டின்னு ஒரே பிடியா நின்னாரு."

ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஜட்கா வண்டியில் வந்து இறங்கிய கோலார்க்காரர்களில் ஜெயகரன் என்பவர் காத்தவராயனுக்கு எதிரே உட்கார்ந்தார். மனிதர் பார்த்த பார்வையிலேயே பாதி ஆட்டம் முடிந்ததாக நினைத்துவிட்டார். நான் நாலாவது பலகையில் அரை மணி நேரத்தில் மண்ணைக் கவ்வினேன். அதனால் பக்கத்துப் பலகையைப் பார்க்க எனக்கு நேரம் நிறையவே இருந்தது.

காத்தவராயன் ஒரு காயைத் தொடுமுன் வெகுநேரம் பார்ப்பான். தொட்டால் தயங்காமல் வைப்பான். ஆனால் இருபதாவது நகர்த்தலில், நெருக்கடி முற்றியபோது, ராஜாவைத் தூக்கிக் குதிரை மாதிரி ஒரே தாவலாகத் தாவ வைத்துவிட்டான்.

ஊர்ப்பக்க ஆட்டத்தில் அது சரி. செக் வாங்காத ராஜா ஒரே ஒரு முறை அப்படித் தாவலாம். நாங்கள் ஆடியது இங்கிலீஷ் சட்டப்படி. அதைச் சன்னல் வழியாகப் பார்த்தே படித்திருந்தான். நெருக்கடியில் கை பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது.

"இது ஏது புது சட்டம்?" என்று ஜெயகரன் சிரித்தார். தொட்ட காயையே ஒழுங்காக நகர்த்த வேண்டும் என்பது தண்டனை. நகர்த்த ஒரே கட்டம்தான் இருந்தது. அதில் போனால் ஒரு குதிரை வீண். சாம்ராஜ் என் காதில், "சொன்னேனே, கூலிக்காரனை உள்ளே விட்டால் இப்படித்தான்" என்றார்.

காத்தவராயன் முகம் கறுத்தது. "என் தப்புதாங்க" என்றான். ராஜாவை நகர்த்தினான். குதிரையைக் கொடுத்தான். பிறகு நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

அதற்கு மேல் அவன் ஆடியது ஆட்டமே அல்ல, அடம். ஒரு சிப்பாயைக்கூட சும்மா விடவில்லை. லாந்தர் ஏற்றினார்கள். மற்ற நாலு பலகையும் முடிந்து பக்கத்துக்கு இரண்டு வெற்றி என்று நின்றது. எல்லாரும் ஐந்தாவது பலகையைச் சூழ்ந்துகொண்டோம். ஜெயகரனின் ராணி அடுத்த நகர்த்தலில் ஆட்டத்தை முடிக்கத் தயாராக நின்றது. காத்தவராயனின் சிப்பாய் ஒன்று குதிரை வரிசையில் கடைசிக் கட்டத்தைத் தொட்டது.

அவன் நிமிர்ந்து, "இப்ப எந்தக் காய் வேணும்னாலும் வெக்கலாமில்ல?" என்று கேட்டான்.

"வைக்கலாம்" என்றார் ஜெயகரன்.

குதிரையை வைத்தான்.

சாம்ராஜ் தலையில் அடித்துக்கொண்டார். ஊர் ஆட்டத்தில் குதிரை வரிசைச் சிப்பாய் குதிரையாகத்தான் ஆக முடியும். மறுபடியும் மறந்துவிட்டான் என்றே நானும் நினைத்தேன்.

"மறந்து வெக்கலீங்க. செக்கு" என்றான் காத்தவராயன்.

அப்போதுதான் பார்த்தோம். ராணியை வைத்திருந்தால் செக் இல்லை; அவன் கதை முடிந்திருக்கும். குதிரையோ ஒரே நேரத்தில் ஜெயகரனின் ராஜாவையும் ராணியையும் பிடித்திருந்தது. ராஜா விலகியது. ராணி போயிற்று. இன்னும் பத்து நகர்த்தல் இழுத்துப் பார்த்துவிட்டு ஜெயகரன் தம் ராஜாவைச் சாய்த்தார்.

எல்லாரும் கை தட்டினோம். சாம்ராஜும் தட்டினார். தட்டி முடித்து, "மெம்பர் விஷயம் அடுத்த மாசம் கமிட்டியில பேசுவோம்" என்றார்.

காத்தவராயன் நாற்காலியை விட்டு அசையவில்லை. "இப்பவே எழுதுங்க, ரைட்டரய்யா. எழுதினாத்தான் எந்திரிப்பேன்."

சாம்ராஜ் மெம்பர் புத்தகத்தைத் தொடவில்லை. ஜெயகரன்தான் தொண்டையைக் கனைத்தார். "எழுதிடுங்க சார். அடுத்த தடவை நான் இவரோடதான் ஆடணும்."

சாம்ராஜ் புத்தகத்தை எடுத்து, பேனாவை மையில் இரண்டு முறை தொட்டு எழுதினார். காத்தவராயன் அதை வாங்கி என் பக்கம் திருப்பினான். "சுந்தரராஜ் ஐயா, நீங்க படிங்க. எனக்குத் தெரியாது."

"காத்தவராயன். மரவேலை, நந்திதுர்க். மெம்பர்" என்று படித்தேன்.

"இன்னொரு தபா படிங்க."

படித்தேன். அதற்குப் பிறகுதான் அவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.