லொறி நின்ற பிறகும் அடித்த மணி

நான் கோயிலுக்குப் போகிறவள், விரதம் பிடிக்கிறவள். ஆனால் பேய், ஆவி என்று யாராவது கதைத்தால் எழும்பிப் போய்விடுவேன். சாமி இருக்கிற வீட்டில் அதெல்லாம் எதற்கு? இதை வாசித்துவிட்டு நீங்களும் எழும்பிப் போகலாம், நான் கோபிக்க மாட்டேன்.

அப்போது சூரிச்சில் வெஸ்ட்ஸ்ட்ராஸவில் இரண்டாம் மாடியில் இருந்தோம். பேர்ன் நகரப் பக்கத்து நெடுஞ்சாலைக்கும் கூர் நகரப் பக்கத்து நெடுஞ்சாலைக்கும் இடையில் தொடுப்பு இல்லை. அதனால் கொஞ்சக் காலத்துக்கு என்று லொறிகளை எங்கள் வீதியால் விட்டார்களாம். அந்தக் கொஞ்சக் காலம் பல பத்து வருடமாகிவிட்டது. யன்னல் திறக்க முடியாது, அவ்வளவு கரி. ஒவ்வொரு லொறிக்கும் சாமித்தட்டில் தொங்கிய சின்ன மணி தானாக அடிக்கும். என் மகள் அபிக்கோ தொய்வு, மூச்சு இழுக்கும். டொக்டர் வாயில் அடிக்கிற மருந்துப் பம்ப் தந்தார், நான் முருகனுக்கு நேர்த்தி வைத்தேன்.

2009இல் ஊட்லிபெர்க் மலைக்குள்ளால் சுரங்கப்பாதை திறந்தார்கள். பிறகு எங்கள் வீதியை ஒடுக்கி மரமும் நட்டார்கள். லொறி நின்றது, மணி நின்றது, பிள்ளையின் இழுப்பும் நின்றது. நேர்த்தியைச் செலுத்திவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

ஒரு பனிக்காலக் காலை. அபி வெள்ளைக் குளிர் ஜாக்கெட் போட்டு, "போயிட்டு வாறன் அம்மா" என்று பள்ளிக்கூடத்துக்கு இறங்கினாள். கதவைச் சாத்துகிறேன், மணி அடிக்கிறது. நம்பினால் நம்புங்கள், யன்னல் கண்ணாடியும் அதிர்ந்தது. எட்டிப் பார்த்தால் வீதியில் ஒரு சைக்கிள்கூட இல்லை. அபி வாசலைத் தாண்டிவிட்டாள். யன்னலால் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் வெளிக்கிட்ட பிள்ளையைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாதே. முன்னால் போய்த்தான் மறிக்க வேண்டும் என்று படியால் ஓடி, பின்முற்றத்தால் சுற்றி, வீதியில் இறங்கி அவளுக்கு நேரே நின்றேன்.

அபி நடைபாதை ஓரத்தில் அசையாமல் நின்றாள். காற்றே இல்லை, அவளுடைய தலைமயிர் மட்டும் பறந்தது.

"ஏன் பிள்ளை நிக்கிறாய்?"

"லொறி போகட்டும் அம்மா."

"எங்கை லொறி?"

"நீங்கள் நிக்கிற இடத்தாலைதானே போகுது. இஞ்சாலை வாங்கோ அம்மா, கெதியா."

சொல்லி முடிக்க முன் அவளுக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன். பம்ப் அடித்து, திருநீறு பூசி, மூச்சு திரும்பும்வரை என் மூச்சு என்னிடம் இல்லை.

ஹோட்டல் குசினி வேலை முடிந்து வந்த என் கணவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "லொறிக்கும் ஆவி இருக்குதோ? அப்ப அதுக்கு ஆர் அந்தியேட்டிக் கிரியை செய்யிறது?"

நான் ஜாக்கெட்டை எடுத்துக் காட்டினேன். வீதிப்பக்கம் இருந்த கை முழுவதும் கரி. தொட்டுப் பார்த்தார், விரல் கறுத்தது. "வேறை வீடு பாப்பமப்பா" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்து ஊர் ஷ்லீரனுக்கு வீடு மாறி வந்து வருடங்களாகிவிட்டன. அபி வேலைக்குப் போகிறாள், பம்பைத் தொடுவதில்லை. மணியின் நாக்கைக் கழற்றிவிட்டேன். ஆனாலும் சில காலைகளில், அவள் இறங்கிப் போன கையோடு, நாக்கில்லாத மணி ஆடுகிறது. நான் கூப்பிடுவதில்லை. பின்னேரம் அவள் வந்து ஜாக்கெட்டைக் கழற்றியதும் அதன் கையைத்தான் முதலில் பார்ப்பேன்.

"ஏனம்மா எப்பவும் வெள்ளையே வாங்கிறீங்கள்?" என்று கேட்கிறாள்.

கறுப்பென்றால் எனக்குத் தெரியாமல் போய்விடுமே.