என்ஜினுக்கு வைத்த பொட்டு

எனக்குப் பொறுமையே கிடையாது என்று என் வீட்டுக்காரர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். மனிதர்களிடம் கிடையாது, உண்மைதான். பித்தளை, இரும்பு என்றால் நாள் முழுக்க உட்காருவேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியை விட மெல்லிய கம்பிகளை ஒட்டிய கை இது. வேலையை விட்டு நின்றபோது கூட இருந்தவர்கள் சுற்றுலா கிளம்பினார்கள். நான் இரும்பு கடையும் சின்ன லேத் ஒன்று வாங்கி, எங்கள் அடுக்குமாடி வீட்டில் துணி காயப்போடும் இடத்தில் வைத்தேன். துணிகள் அன்றிலிருந்து வரவேற்பறையில் காய்கின்றன.

முதலில் பழைய சாமான் சந்தையில் கிடைக்கும் பொம்மை நீராவி என்ஜின்களைப் பிரித்து, துரு நீக்கி, ஓட வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சொந்தமாக ஒன்று செய்யும் ஆசை வந்தது. சூடான காற்றால் ஓடும் என்ஜின். அதற்கு ஆவி வேண்டாம், நெருப்பு வேண்டாம். பால் சேர்க்காத தேநீரான தே ஓவைக் கொதிக்கக் கொதிக்க ஒரு குவளை போட்டு அதன் மேல் வைத்தால் போதும். அடித்தட்டு சூடாகி, உள்ளே அடைபட்ட காற்று விரிந்து சுருங்கி, மேலே உள்ள சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் இலேசாக இருக்க வேண்டும் என்பதால், கீறல் விழுந்து பாடாமல் போன என் வீட்டுக்காரருடைய பக்திப் பாட்டு சிடி ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதற்கு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். என்ஜின் ஓடியபோது பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டி வந்து காட்டியவரும் அவர்தான்.

போன வருஷம் என் வலது கை நடுங்க ஆரம்பித்தது. கோப்பையைத் தட்டில் வைக்கும்போது கடகடவென்று சத்தம் வரும். டாக்டர் இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வயசானா கொஞ்சம் இருக்கும்மா, மூணு மாசம் கழிச்சு வாங்க, பாப்போம்" என்றார். எனக்கு அந்த 'பாப்போம்' மட்டும்தான் காதில் விழுந்தது. என் அப்பாவுக்கும் கோப்பையில்தான் ஆரம்பித்தது. கடைசியில் அவருக்குச் சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிட்டார். நான் பயந்துபோனேன், ஆனால் அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், என்ஜினில் தேய்ந்துபோன ஒரு சின்ன இரும்புப் பின்னை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று கடைந்து போட்டேன். கை நடுங்க ஆரம்பித்த பிறகு நான் செய்த முதல் வேலை அது. மறுநாள் என் வீட்டுக்காரர் வழக்கம்போல வீட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். கீழே நிறுத்தியிருந்த காடி, தையல் மெஷின், கிரைண்டர், லேத், என்ஜின், எதையும் விடவில்லை. பூஜை முடிந்து என்ஜினை தே ஓ மேல் வைத்துச் சக்கரத்தைத் தட்டிவிட்டேன். இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது.

மறுபடி தட்டினேன், மறுபடி நின்றது. பின்னை மூன்று தடவை புதிதாகக் கடைந்தேன். பிஸ்டனைத் தேய்த்தேன், துடைத்தேன். சக்கரத்தை மட்டும் தொடவில்லை. முன்பு நன்றாக ஓடிய சக்கரம்தானே. புதிதாக என் கை பட்டது பின்னில், அப்படியானால் தப்பும் என் கையில்தான். மூன்று வாரம் கழித்து லேத்தை விற்பது என்று முடிவெடுத்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஒரு தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"எதுக்கு இவ்ளோ அவசரம்? டாக்டர் ஒண்ணும் சொல்லலியே" என்றார் என் வீட்டுக்காரர்.

"சொல்ற வரைக்கும் காத்திருக்கணுமா?" என்று எரிந்து விழுந்தேன்.

ஞாயிறு காலை என்ஜினைப் பிரித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். சக்கரம் அச்சோடு தனியாக வந்தது. பழக்க தோஷத்தில் இரண்டு இரும்பு ஸ்கேல்களை நிமிர்த்தி நிறுத்தி, அவற்றின் விளிம்பில் அச்சை வைத்து, எந்தப் பக்கம் கனம் என்று உருட்டிப் பார்த்தேன். சிடி மெல்ல முன்னும் பின்னும் ஆடி நின்றது. சிடியின் ஓரத்தில் பூஜையன்று வைத்த பொட்டு கீழே இருந்தது. மறுபடி உருட்டினேன், பொட்டு கீழே. ஐந்தாவது தடவையும் கீழே.

என் வீட்டுக்காரர் வைக்கும் பொட்டு பட்டாணி அளவு இருக்கும். பக்திப் பாட்டு சிடி என்பதால் தாராளமாகவே வைத்திருக்கிறார். மூன்று வாரமாக அது என் கண் முன்னால்தான் இருந்தது. பூஜை முடிந்தால் மெஷினில் பொட்டு இருக்கும், அவ்வளவுதான். அதற்கும் ஒரு எடை உண்டு என்று தோன்றவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

அந்த நேரம் பார்த்து லேத் வாங்க வந்த தம்பி வாசலில் நின்றார்.

"தம்பி, மன்னிச்சுக்கங்க. லேத்த கொடுக்கல."

"என்னாக்கா, ஃபெரி ஏறி வந்திருக்கேன் லா" என்றார், முகம் சுண்டிப்போய்.

"உக்காருங்க. தே ஓ குடிச்சிட்டுப் போங்க. இன்னொரு குவளை என்ஜினுக்கு."

நடந்ததைக் கேட்ட என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "அழிச்சிடு. சாமி ஒண்ணும் நெனச்சுக்காது" என்றார். எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் சந்தனம் குழைத்துத் தரச் சொன்னேன். பல்குத்தும் குச்சியின் முனையில் அதைத் தொட்டு, பொட்டுக்கு நேர் எதிரே வைத்தேன். ஸ்கேல் மேல் உருட்டிப் பார்த்தேன், இன்னும் ஒரு துளி வைத்தேன். மறுபடி உருட்டி, அதில் பாதியை எடுத்தேன். கடைசியில் சிடி எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது.

என்ஜினைப் பூட்டி, குவளை மேல் வைத்துத் தட்டினேன். சுற்றியது. தம்பி தன் தே ஓவைக் குடித்து முடித்தும் சுற்றிக்கொண்டிருந்தது. ஈரச் சந்தனம் காயக் காய எடை குறையும், சாயங்காலம் இன்னும் ஒரு துளி வைக்க வேண்டும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பியை வழியனுப்பிவிட்டு வந்த என் வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார். "பொட்டு வைக்கறப்ப உன் கை நடுங்குச்சா?"

பார்க்க மறந்துவிட்டேன் என்றேன்.