எண்ணெயில் பொரித்த பாண்

எங்கள் கடைச் சமையலறையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். கடை பூட்டியதும் அன்றைய நாளை அதில் எழுதுவேன்: காலநிலை என்ன, எது முடிந்தது, எது மிஞ்சியது, யார் என்ன சொன்னார்கள். ஒன்பது வருடங்களில் ஒரு நாளும் விட்டதில்லை. ஆனால் போன கந்த சஷ்டியின் மூன்றாம் நாளான சனிக்கிழமைக்கு நான்கே வரிதான் இருக்கிறது. மழை. ஆட்கள் அதிகம். காளான் பத்து மணிக்கே முடிந்தது. பாண் எண்ணெயில் பொரித்தேன். அதற்குமேல் எழுதாமல் கொப்பியை மூடிவிட்டேன். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

கடை ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், பல் வைத்தியருக்கும் சலவைக் கடைக்கும் நடுவே இருக்கிறது. காலை ஏழுக்குத் திறந்து இரண்டுக்கு மூடுவோம், திங்கட்கிழமை விடுமுறை. எங்களுக்கு முன் அதை நடத்தியவர்கள் வயதான ஓர் ஆங்கிலேயத் தம்பதி. கதிரை, மேசை, சாப்பாட்டுப் பட்டியலோடு வாடிக்கையாளர்களையும் சேர்த்தே வாங்கினோம் என்று கணவர் சொல்வார். முன் கண்ணாடியில் 'அசல் ஆங்கிலக் காலை உணவு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததையும் நாங்கள் அழிக்கவில்லை. கணவர் கல்லாவையும் மேசைகளையும் பார்ப்பார். அடுப்பு என்னுடையது.

பழைய உரிமையாளரான அந்த அம்மா இரண்டு வாரம் என்னோடு நின்று எல்லாவற்றையும் காட்டித் தந்தார். நான் நிமிடக் கணக்கோடு எழுதிக்கொண்டேன். பன்றியின் முதுகுப் பக்கத்து இறைச்சியில் வெட்டிய அகலமான பேக்கன். இந்த ஊர்க் கடைகளில் மொறுமொறுவென்று தருகிற மெல்லிய பட்டி அல்ல. பன்றி இறைச்சிச் சொசேஜ் இரண்டு. இரத்தமும் ஓட்ஸும் சேர்த்துச் செய்த பிளாக் புட்டிங் இரண்டு வட்டம். பாதியாக வெட்டிய தக்காளி, வெட்டிய பக்கம் கீழே, ஆறு நிமிடம். காளான். தக்காளிக் குழம்பில் கிடக்கும் பீன்ஸ். முட்டை. கடைசியாகப் பொரித்த பாண், பிரெட் துண்டு. பேக்கனிலிருந்து உருகி வரும் கொழுப்பை ஒரு தகர ரின்னில் வடித்து அடுப்போரம் வைத்திருப்போம். பாணை அந்தக் கொழுப்பில்தான் பொரிக்கவேண்டும். உருளைக்கிழங்கு கிடையாது.

நான் பன்றி இறைச்சியை வாயில் வைத்ததில்லை. அதனால் கடையில் என் சமையல் மணிக்கூட்டாலும் கண்ணாலும் காதாலும்தான். கொழுப்பு எந்தச் சத்தம் போடும்போது பாணைப் போடவேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாணின் ருசி தெரியாது. அதை எனக்காகத் தெரிந்துவைத்திருந்தவர் ஒருவர் இருந்தார்.

அவருக்கு எண்பத்துமூன்று வயது. வட இங்கிலாந்தில் பிறந்து, இளவயதில் இங்கே வந்து, இயந்திர உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்தபின், கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளிச் சிறிய வீடொன்றில் தனியாக இருந்தார். புதனும் சனியும் எட்டேகாலுக்கு வருவார். சனிக்கிழமைகளில் யூனியன்வில்லில் இருக்கும் மகளும் கூட வருவார். அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். கொப்பியில் நான் அதை எங்கள் தமிழில்தான் எழுதுவேன், இங்கேயும் அப்படியே. அவர் என்னைக் கூப்பிடும் விதத்துக்குப் 'பிள்ளை' என்ற சொல்தான் கிட்ட வரும்.

நாங்கள் கடையை எடுத்த முதல் மாதம், ஊர் வழக்கத்துக்கு இருக்கட்டும் என்று கணவர் தட்டில் பொரித்த உருளைக்கிழங்கும் வைக்கச் சொன்னார். அந்தப் பெரியவர் தட்டைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்கு வந்தார்.

"உது ஆர்?" என்று கிழங்கைக் காட்டிக் கேட்டார். "நான் உவரைக் கூப்பிடேல்லையே."

"பிடிக்காட்டி விடுங்கோ சேர். சும்மா வைச்சது" என்றார் கணவர்.

"கிழங்கோடை எனக்குக் கோபமில்லை. கண்ணாடியிலை இருக்கிற சொல்லோடைதான்." பிறகு தட்டு நீட்டும் சமையலறை யன்னல் பக்கம் திரும்பி என்னிடம் சொன்னார்: "மற்றதெல்லாம் எவனும் வாங்கிப் போடலாம், பிள்ளை. பாணை எதிலை பொரிக்கிறீர் எண்டதிலைதான் அசல் இருக்கு."

அன்றிலிருந்து பாணைக் கடித்ததும் யன்னலைப் பார்த்துத் தலையாட்டுவார். ஒன்பது வருடமாக நான் அந்தத் தலையாட்டலைப் பார்த்துத்தான் அடுத்த தட்டைத் தொடுவேன்.

கந்த சஷ்டி ஆறு நாளும் நான் ஒரு வேளை பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் இருப்பேன். அந்த நாட்களில் கணவர் அடுப்பில் நிற்பார், நான் கல்லாவில் நிற்பேன். போன வருடம் அவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. உட்கார்ந்து கல்லாவைப் பார்ப்பதே பெரிய காரியம். ஆகவே நானே ஓர் ஒழுங்கு செய்தேன். பேக்கனையும் சொசேஜையும் இடுக்கியால் எடுத்து அவணில் வைப்பது. கொழுப்பு ரின்னை மூடிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிடுவது. முட்டையையும் பாணையும் கனோலா எண்ணெயில் பொரிப்பது. பின்னேரம் கோயிலில் கும்பிடும் கையில் அந்த மணம் இருக்கக்கூடாது என்பதுதான் என் எண்ணம். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. வியாழனும் வெள்ளியும் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை பெரியவர் பாணைக் கடித்தார். மென்றார். கீழே வைத்தார். தலையாட்டவில்லை. கையை உயர்த்தி என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இண்டைக்குப் பாணுக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை சேர். எப்பவும் போலதான்."

பக்கத்து மேசையில் புதிதாக நான்கு பேர் வந்திருந்தார்கள். கண்ணாடியில் அப்படி எழுதிவைத்துவிட்டு, என் விரதத்துக்காக உங்கள் சாப்பாட்டை மாற்றினேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் இருந்ததாக எழுதினால் அதுவும் பொய்.

"இதிலை கொழுப்பு இல்லை. வெறும் எண்ணெய்" என்றார் அவர்.

"அப்பா, தொடங்காதேங்கோ" என்றார் மகள். "போன கிழமை தேத்தண்ணி வெறும் சுடுதண்ணி மாதிரி எண்டனீங்கள். அதுக்கு முதல் பழுதான பாலைத் தெரியாமல் குடிச்சனீங்கள்."

"அது பால். இது பாண்."

மகள் என்னைப் பார்த்தார். "நீங்கள் ஏதும் மாத்தினனீங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ, பரவாயில்லை."

"இல்லை" என்றேன்.

போகும்போது அவர் கோட் போட்டுக்கொண்டிருக்க, மகள் மட்டும் என்னிடம் வந்து மெதுவாகப் பேசினார். "வீட்டிலை காஸ் அடுப்பு. போன மாசம் திறந்தபடி விட்டிட்டார். மணமும் ருசியும் தெரியேல்லை எண்டால் எப்பிடித் தனிய விடுறது? வீட்டை வித்திட்டு ஒரு முதியோர் இல்லத்துக்குப் போவம் எண்டு ஒரு வருசமாக் கெஞ்சுறன். ஏலாது எண்டு நிக்கிறார்."

நான் எதற்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் வாசலில்தான் நின்றார். ஏழெட்டு அடி தூரம். நான் போகவில்லை.

செவ்வாய் சூரன்போர். புதன் அதிகாலை பாறணையோடு விரதம் முடித்துக் கடைக்குப் போய், கொழுப்பு ரின்னை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். எட்டேகாலுக்கு அவர் தனியாக வந்தார். பாணை எடுத்து முதலில் மூக்கருகே பிடித்து மணந்தார். அதற்கு முன் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. நெடுநேரம் மென்றார்.

"இண்டைக்குச் சரி" என்றார். நான் கேத்தலோடு பக்கத்தில் நின்றேன். "சனிக்கிழமையும் இதைத்தானே தந்தனீர்?"

"ஓம் சேர்."

"அப்ப பிழை பாணிலை இல்லை."

சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை. நான் குனிந்து அவர் கோப்பையில் தேநீர் ஊற்றினேன். அது ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது. சாசரில் வழிந்ததை அவரே கடதாசியால் ஒற்றி எடுத்தார்.

மார்கழி நடுப்பகுதியோடு அவர் வருவது நின்றது. தையில் ஒரு நாள் மகள் மட்டும் வந்தார். கையில் எனக்கு ஒரு பூச்செண்டு.

"வீடு வித்தாச்சு. மாசிக் கடைசியிலை சாவி குடுக்கிறம். அப்பா மில்லிக்கன் பக்கம் ஒரு இல்லத்திலை இருக்கிறார். நல்ல அறை."

"எப்பிடிச் சம்மதிச்சவர்?"

"உங்கட கடையாலைதான்." சிரித்துக்கொண்டே சொன்னார். "ஒரு புதன்கிழமை அவரே போன் எடுத்தார். 'பொரிச்ச பாணைச் சரியோ பிழையோ எண்டு சொல்லத் தெரியாதவனுக்கு அடுப்பு எதுக்கு? நீ சொன்னபடி செய்' எண்டார். நான் ஒரு வருசமாச் சொல்லி நடக்காதது."

பூச்செண்டை வாங்கிக்கொண்டேன். அன்று கடை பூட்டியபின் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உம்மட எண்ணெயாலையோ அந்தாள் வீட்டை வித்தது? எண்பத்துமூண்டு வயசு. இண்டைக்கில்லாட்டி நாளைக்குப் போகத்தானே வேணும்."

"அவரின்ர நாக்குச் சரியா இருந்தது."

"காஸைத் திறந்து விட்டதும் நீரோ?"

நான் அடுப்பைத் துடைத்தேன். கணவர் குரலைத் தணித்தார். "முருகனிட்டைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிட்டு விடும்."

"முருகன் அந்தப் பாணைச் சாப்பிடேல்லை" என்றேன்.

திங்கட்கிழமைகளில் கடை இல்லை. இல்லம் காரில் பதினைந்து நிமிடம். ஒரு திங்கள் பனி கொட்டியது. ஒரு திங்கள் கணவருக்கு வைத்தியரிடம் போகவேண்டியிருந்தது. மற்ற ஏழு திங்கட்கிழமைகளுக்கும் கொப்பியில் காரணம் எதுவும் இல்லை. மாசி முடிந்து வீட்டுச் சாவி கைமாறியது. அதன்பின் சொல்வதால் எதுவும் திரும்பாது என்று எனக்குத் தெரியும். அப்படி ஆகும்வரைதான் நான் காத்திருந்தேன் என்பதும் தெரியும்.

பத்தாவது திங்கள் போனேன். வெறுங்கையோடு போனேன், பொரித்த பாண் பதினைந்து நிமிடம் தாங்காது. அறையில் கட்டிலும் கதிரையும் மின்கேத்தலும் இருந்தன. சமைக்க இடமில்லை. அவர் என்னைக் கண்டு மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சி முடிவதற்குள் சொல்லிவிடவேண்டும் என்று உட்காராமலேயே சொன்னேன்: விரதம், ரின், எண்ணெய், சனிக்கிழமை, புதன்கிழமை.

"என்ன எண்ணெய்?"

"கனோலா."

"ம்." கைகள் இரண்டையும் முழங்காலில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எனக்குப் பிழையில்லை."

"இல்லை சேர். உங்களுக்கு ஒரு பிழையும் இல்லை."

"புதன்கிழமை நான் உம்மைக் கேட்டனான். கோப்பை நிறைய இருக்க, நீர் தேத்தண்ணி ஊத்தினீர்."

ஒன்றையும் மறக்காத மனிதர். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"சாமிக்காக எண்டு சொல்லியிருந்தால் நான் அண்டைக்கு வாட்டின பாண் சாப்பிட்டிருப்பன், பிள்ளை. அவ்வளவுதானே" என்றார்.

வெளியே வந்து காருக்குள் இருந்தபடி மகளுக்குப் போன் செய்து அதையே திரும்பவும் சொன்னேன்.

"இதை ஏன் அவருக்குச் சொன்னனீங்கள்?" என்றார். "எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் வீட்டை வித்தது பாணுக்காக இல்லை. அவர் சம்மதிச்சதுதான் பாணுக்காக. இப்ப அந்தச் சம்மதமும் பொய்யாப் போச்சு. இனி நான் போற ஒவ்வொரு நாளும் என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போறார்."

என் பாரத்தை இறக்க ஓர் இடம் தேடி, அதை அவர்கள் இருவருக்கும் நடுவில் இறக்கிவைத்துவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் அவர் ஆறுதல் சொல்லவேண்டியிருக்கும்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மகள் அவரைக் கூட்டிவந்தார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. வழக்கமான தட்டையே கேட்டார்கள். நான் பேக்கனைத் தாச்சியில் போட்டுத் திரும்பியபோது, அவர் கைத்தடியோடு சமையலறை வாசலில் நின்றார்.

"உள்ளுக்கு வெக்கை சேர். இருங்கோ, நான் கொண்டுவாறன்" என்று கணவர் பின்னால் வந்தார்.

"கொண்டுவருவீர் எண்டு தெரியும். நான் பாக்கிறன்."

கணவர் என்னைப் பார்த்தார். நான் விடச்சொல்லித் தலையசைத்தேன். பதினோரு நிமிடம் பெரியவர் அங்கேயே நின்றார். தக்காளியைப் பார்க்கவில்லை, முட்டையைப் பார்க்கவில்லை. கடைசியில் பாண் துண்டை எடுத்தேன். வழக்கமாக நான் தாச்சிக்கு நேர் முன்னால்தான் நிற்பேன். வாசலில் நிற்பவருக்கு என் முதுகு மட்டுமே தெரியும். அன்று ஓர் அடி விலகி நின்றுகொண்டு, ரின்னைத் திறந்து, கரண்டியால் கொழுப்பை அள்ளி, அவர் பார்க்கும்படி ஊற்றினேன்.