அண்ணன் நிறுத்தச் சொன்ன மாத்திரை

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. புத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்து, கஷ்டப்பட்டுப் படித்து மருத்துவரானவர். திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கலாம். பாகாலாவில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்து, காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வைத்தியம் பார்த்தே காலத்தைக் கழித்தார். அதில் அண்ணிக்கு வருத்தம். எனக்குக் கோபமே உண்டு.

வயதானவர்களுக்குத் தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின் மாத்திரை எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். மாரடைப்பைத் தடுக்கும் என்று அன்று பல மருத்துவர்கள் நம்பினார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சிகளோ, இதய நோயே இல்லாத முதியவர்களுக்கு அதனால் நன்மையைவிட ரத்தக்கசிவு ஆபத்துதான் அதிகம் என்று காட்டின. அண்ணன் அதைப் படித்துவிட்டு மூடி மறைக்கவில்லை. "நான் எழுதிக் குடுத்ததுதான். இப்ப உங்களுக்கு அது வேணாம்" என்று வந்தவர்களிடம் நேராகச் சொன்னார். ஊர் சும்மா விடுமா? "இத்தினி வருசமா துன்னுக்கினு இருந்தமே, அப்ப இன்னாத்துக்குக் குடுத்தாரு?" என்று கேட்டுவிட்டுச் சிலர் வேறு டாக்டரிடம் போனார்கள்.

அதைக்கூட அண்ணன் தாங்கிக்கொண்டார். ஆனால் அந்தப் பேச்சு திருச்சானூர் வரை போய்விட்டது. அங்கே லாட்ஜ் நடத்தும் முனிரத்தினம் ஐயா அண்ணனிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்; ரத்தக்குழாய் அடைக்காமலிருக்க இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். அவர் அந்த மாத்திரையை நிறுத்தவே கூடாது. அவரும் நிறுத்திவிட்டார் என்று அவருடைய மருமகள் போனில் சொன்னபோது நான் கிளினிக்கில் இருந்தேன். அண்ணன் உடனே பெரியவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அவர் கேட்கவில்லை. காத்திருந்தவர்களைக் கும்பிட்டுவிட்டு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு திருச்சானூருக்குக் கிளம்பினார்.

"இன்னா சார், ஊருக்கெல்லாம் வேணாம்னு சொல்லிட்டு எனக்கு மட்டும் துன்னச் சொல்றீங்க?"

"நைனா, அவங்களுக்கு இதயத்துல நோவு இல்ல. உங்களுக்கு உள்ள ஸ்டென்ட் கீது. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எப்படி வெளிய தலை காட்டுவேன்? வாங்க, உங்க ஹார்ட் டாக்டரையே கேட்டுடலாம்."

கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். இதய மருத்துவரும் அதையே சொன்ன பிறகுதான் பெரியவர் மாத்திரையைக் கையில் வாங்கினார். திரும்பும்போது அண்ணன் சொன்னார்: "அவரு மேல தப்பு இல்லம்மா. யாருக்கு வேணாம்னு சொன்னேன். யாருக்குக் கட்டாயம் வேணும்னு சொல்லல."

அதன் பிறகு இரண்டையும் சேர்த்தே சொன்னார். ஒரு நோயாளிக்கு ஆகும் நேரம் கூடிப் போயிற்று, கூட்டம் குறைந்தது. அவர் கவலைப்படவில்லை.

புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளிய மாதங்களில் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், தள்ளாத வயதிலும் வந்து அவர் காலைப் பிடித்துவிட்ட முனிரத்தினம் ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த நினைவு மலர் பல வீடுகளுக்குப் போகும். இதைப் படித்துவிட்டு யாரும் எந்த மாத்திரையையும் நிறுத்தவும் வேண்டாம், ஆரம்பிக்கவும் வேண்டாம். உங்கள் டாக்டரைக் கேளுங்கள். இதை எழுதாமல் விட்டால் அண்ணன் என்னைத் திட்டுவார். திட்டுவதற்கு அவர் இல்லையே என்பதுதான் தாங்க முடியவில்லை.

— தங்கை