டேங்குக்குப் போட்ட மாலை

நான் மருந்தடிக்கும் நாட்களில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆள் நடமாட்டமே இருக்காது. முந்தின நாளே வாட்ஸ்அப் குழுவில் செய்தி போய்விடும்: நாளை காலை களைக்கொல்லி தெளிக்கிறார்கள், குழந்தைகளையும் நாய்களையும் கீழே விடாதீர்கள். முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு நான் புல்வெளிப் பக்கம் வரும்போது ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்கும். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் பாதையை மாற்றிக்கொள்வார்கள். மதில் சுவருக்கு வெளியே ஓசூர் ரோடு அலறிக்கொண்டிருக்கும். உள்ளே அவ்வளவு பெரிய தோட்டம் எனக்கு ஒருவனுக்கே சொந்தம் போலக் கிடக்கும். ராஜா மாதிரி இருக்கிறதே என்று ஆரம்பத்தில் நினைத்திருக்கிறேன். ராஜாவிடம் நாலு பேராவது பேசுவார்கள்.

வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. நடைபாதைக் கற்களின் இடுக்கில் முளைக்கும் கோரை, மதில் ஓரம் மண்டும் பார்த்தீனியம், நீச்சல் குளத்தைச் சுற்றித் தலைகாட்டும் அருகம்புல். இவற்றின்மேல் மருந்தை அடித்துக்கொண்டே பின்னோக்கி நடக்க வேண்டும். முன்னோக்கி நடந்தால் அடித்த ஈரத்திலேயே நம் கால் போகும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ரப்பர் பூட்ஸ், பேன்ட்டை அதற்குள் திணிக்காமல் வெளியே விட வேண்டும், இல்லாவிட்டால் வழிவதெல்லாம் பூட்ஸுக்குள் இறங்கிவிடும். முழங்கை வரை கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த மாஸ்க், மேலே பிளாஸ்டிக் ஏப்ரன். இத்தனையையும் போட்டுக்கொண்டு பெங்களூரு வெயிலில் நிற்பது என்ன சுகம் என்பது நின்றவனுக்குத்தான் தெரியும். பெங்களூருக்கு வெயிலே கிடையாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களை ஒரு காலை நேரம் அந்த ஏப்ரனுக்குள் போட்டு அனுப்ப ஆசை.

என்னோடு தோட்ட வேலை செய்பவர்கள் ஒருவரும் இதையெல்லாம் போடுவதில்லை. மூச்சு முட்டுகிறதாம். முகத்தில் ஒரு கர்சீப்பைக் கட்டிக்கொண்டால் அவர்களுக்குப் போதும். மருந்து பீய்ச்சும் நாசிலில் தூசி அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவார்கள். அதைப் பார்த்தால் கத்துவேன். சிரிப்பார்கள். "கொரோனா வந்துட்டாருடா" என்பார்கள் என் மாஸ்க்கைப் பார்த்து. சாப்பாட்டு நேரத்தில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா என்று நான் கேட்கப்போகிறேன் என்று தெரிந்து, நான் டப்பாவைத் திறப்பதற்குள் எல்லோரும் மாமரத்துப் பக்கம் போய்விடுவார்கள். பம்ப் அறைப் படியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவது எனக்குப் பழகிப்போயிருந்தது.

நானும் பிறவியிலேயே இவ்வளவு ஜாக்கிரதைக்காரன் இல்லை. ஒருமுறை டேங்க் மூடி சரியாக மூடாமல், மருந்து கசிந்து சட்டையோடு முதுகில் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் முதுகெல்லாம் சிவந்து, மல்லாந்து படுக்க முடியாத எரிச்சல். ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். அடுத்து அவர் கேட்டதுதான் என்னை உலுக்கியது: "வீட்ல சின்னக் குழந்தை இருக்கா? இந்தத் துணியோட, குளிக்காம குழந்தையைத் தூக்காதீங்க. உங்க துணியைக் குழந்தை துணியோட சேர்த்துத் துவைக்கவும் கூடாது."

வீட்டில் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த மகள் இருந்தாள். கதவுச் சத்தம் கேட்டதும் தடுக்கி விழுந்து எழுந்து ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொள்வாள். அத்தனை நாளும் அந்தப் பேன்ட்டைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். முகத்தை அதில்தான் தேய்த்தாள். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. என் உடம்புக்காக வந்த பயம் இல்லை அது.

வேலை முடிந்ததும் அங்கேயே குளித்துவிட்டு வரலாம் என்றால், அந்தக் குடியிருப்பில் எங்களுக்குக் குளிக்க இடம் கிடையாது. முகம் கழுவக் குழாய் உண்டு, அவ்வளவுதான். அதே துணியோடு பஸ் ஏறுவேன். சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் ஆள்மேல் ஆள் நிற்கும்போதும் என் பக்கத்துச் சீட் காலியாகவே வரும். உட்காரப் போகிறவர் ஒரு முறை மூச்சை இழுத்துப் பார்ப்பார், பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பொம்மனஹள்ளியில் இறங்கி நடந்தால் எங்கள் வீடு. ஒரே அறை, வெளியே நாலு குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு குளியலறை.

அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். நான் வாசலுக்கு வந்ததும் மனைவி மகளை இடுப்பில் தூக்கிக்கொள்வாள். "தொடாதே கண்ணு, அப்பா குளிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நேராகக் குளியலறைக்குப் போவேன். துணியைத் தனி வாளியில் போட்டு நானே அலசுவேன். தேய்த்துத் தேய்த்துக் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு, வாசலில் நின்று கையைத் தட்டுவேன். அந்தக் கைதட்டல் கேட்டால் போதும், உள்ளேயிருந்து ஒரு கூச்சல், ஒரு ஓட்டம், அப்படியே என் கழுத்தில் தொங்குவாள். காலையிலிருந்து ஜன்னல்களை மூடிக்கொண்ட அத்தனை பேரையும் அந்த நொடியில் மன்னித்துவிடுவேன். அவள் எல்.கே.ஜி. போகும் வரைக்கும் இது ஒரு நாளும் தவறியதில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் என்னைத் தாங்கிப் பிடித்தது அந்தக் கைதட்டல்தான்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

அந்த வருஷம் மேனேஜர் எல்லோரையும் குடும்பத்தோடு வரச் சொன்னார். நான் முந்தின சாயங்காலமே டேங்கை உள்ளும் புறமும் சோப்புப் போட்டுக் கழுவி, அலசி, காயக் கவிழ்த்து வைத்திருந்தேன். காலையில் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. புல்வெட்டும் மெஷின், மண்வெட்டி, கத்தரி, அவற்றின் நடுவில் என் டேங்க். சந்தனம், குங்குமம், மூடியைச் சுற்றி மஞ்சள் செவ்வந்தி மாலை. என் மாஸ்க்கையும் விடவில்லை. இரண்டு வடிகட்டியிலும் நட்டநடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். வருஷம் முழுக்க ஒருவனும் தொடாத மாஸ்க்குக்கு அன்றைக்குக் கற்பூரம் காட்டினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

பூசணிக்காய் உடைத்து முடிந்ததும் போட்டோவுக்காக எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னார் மேனேஜர். புதுக் கையுறை, கண்ணாடி, பொட்டு வைத்த மாஸ்க். மகள் என்னை அந்தக் கோலத்தில் அதுவரை பார்த்ததே இல்லை. அம்மாவின் புடவைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். மெதுவாகச் சிரித்தாள். இன்னும் இரண்டு போட்டோ எடுக்கும்வரை நான் அப்படியே நின்றேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் மேஸ்திரி, கோலார் பக்கத்து மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், டேங்கிலிருந்து மாலையைக் கழற்றிப் பெண்களுக்குப் பூவைக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டு வந்தார். சாமிக்குப் போட்ட பூ. என் மனைவி கண்ணில் ஒற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். மகளின் குடுமியிலும் ஒன்றைச் செருகினாள். நான் அப்போதுதான் டேங்கைப் பார்த்தேன். மூடியின் ஓரத்தில் ஈரம் மினுங்கியது. காய்ந்து கிடக்க வேண்டிய டேங்க்.

"மேஸ்திரி, டேங்குல என்ன இருக்கு?"

"மருந்துதான். நேத்து கலக்குனது டிரம்முல மிச்சம் இருந்துச்சு, ஊத்தி வெச்சேன். காலி டேங்குக்கு யாராவது பூஜை போடுவாங்களா?"

வெறும் குடத்தைச் சாமி முன்னால் வைக்கக் கூடாது என்று எங்கள் எல்லோர் வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த மூடி கசியும் என்று என் முதுகுக்குத் தெரியும். மகளைத் திரும்பிப் பார்த்தேன். குடுமியிலிருந்து பூவை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, ஓர் இதழை மென்றுகொண்டிருந்தாள்.

மாஸ்க்கைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "தொடாதே!" என்று கத்திக்கொண்டு அப்படியே ஓடினேன். மாஸ்க்குக்குள்ளிருந்து அந்தக் குரல் எப்படிக் கேட்டிருக்குமோ. பூவைத் தட்டிவிட்டு, கையுறை போட்ட விரலை அவள் வாய்க்குள் விட்டு இதழைத் தோண்டி எடுத்தேன். தூக்கிக்கொண்டுபோய்க் குழாயைத் திறந்து வாய், கை, தலை எல்லாம் கழுவினேன். பட்டுப்பாவாடை தொப்பலாக நனைந்தது. அவள் வீறிட்டுக் கத்தினாள். என்னிடமிருந்து தப்பிக்க என்னையே கூப்பிட்டு, "அப்பா, அப்பா" என்று கத்தினாள்.

"சாமி பூவை இப்படித் தட்டிவிடுறீங்களே, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று மனைவி அழுதாள். "ஏனப்பா, ஹப்பத தின ஹீகா?" என்றார் மேனேஜர். பண்டிகை நாளில் இப்படியா என்று. நான் மனைவியின் தலையிலிருந்த பூவையும் பிடுங்கிப் போட்டு, அவள் கையையும் கழுவ வைத்து, இருவரையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. உடனே கழுவியது நல்லது என்று டாக்டர் சொன்னார். மனைவியும் அதைக் கேட்ட பிறகு சமாதானமாகிவிட்டாள். நான் செய்தது சரிதான். இன்றைக்கு அதே மாதிரி நடந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் சரியாகச் செய்தவனுக்கு அதற்குப் பிறகு வீட்டில் இடமில்லாமல் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் குளித்துவிட்டு வாசலில் நின்று கையைத் தட்டினேன். யாரும் வரவில்லை. மறுபடி தட்டினேன். கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டிருந்தாள். "விடுங்க, கொஞ்ச நாள்ல மறந்துடுவா" என்றாள் மனைவி. கொஞ்ச நாள் போனது. நான் உட்கார்ந்தால் அவள் எழுந்து அந்தப் பக்கம் போவாள். சாக்லேட் நீட்டினால் அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாள். நான் தரையில் பாயைப் போட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். தோட்டத்தில் தனியாக இருப்பது ஒரு மாதிரி. பத்தடி அறைக்குள், சொந்தக் குழந்தை மூச்சுவிடும் சத்தம் கேட்கும் தூரத்தில் தனியாக இருப்பது வேறு மாதிரி. அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. கூசாமல் சொல்கிறேன், குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அழுதிருக்கிறேன்.

என் மூளைக்கு எட்டியது ஒரே வழிதான். மருந்து வாசனையோடு வீட்டு வாசலையே மிதிக்கக் கூடாது. குளிக்க ஓர் இடம் கொடுங்கள் என்று மேனேஜரை நச்சரிக்க ஆரம்பித்தேன். பார்த்த இடத்தில் எல்லாம் கேட்டேன். கடைசியில் அடித்தளத்தில் டிரைவர்களுக்கான கழிவறைக்குப் பக்கத்தில், துடைப்பம் போட்டு வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து ஒரு குழாய் போட்டுக் கொடுத்தார்கள். துணி வைக்க ஓர் இரும்பு அலமாரியும் கிடைத்தது. முதல் நாள் அங்கே குளித்து, புதுச் சட்டை போட்டு, தலை சீவிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். பல வருஷமாக என்னைப் பார்த்து ஜன்னல் மூடிய ஒரு அம்மா, "புது ஆளா? எந்த வீட்டுக்குப் போகணும்?" என்று கேட்டார். பஸ்ஸில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளில் சாய்ந்து தூங்கினார். ஓசூர் ரோட்டு நெரிசல் இன்னும் கொஞ்சம் நீளாதா என்று அன்றைக்கு மட்டும் எனக்குத் தோன்றியது.

வீட்டு வாசலில் நின்றேன். சோப்பு வாசனைதான் என் மேல். கையைத் தட்டினேன்.

உள்ளே ஓட்டம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவளே நடந்து வந்து நிலைப்படிக்கு உள்ளேயே நின்றாள்.

"குளிச்சிட்டியா?"

"குளிச்சிட்டேன் கண்ணு. அங்கேயே குளிச்சிட்டேன். பாரு, புதுச் சட்டை."

என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள். சமையல் மேடைப் பக்கம் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது எதிரில் நின்றாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் காலி பிரெட் கவரை மாட்டியிருந்தாள். நழுவாமல் இருக்க அம்மாவின் தலைமுடி ரப்பரை மேலே போட்டிருந்தாள்.

"கவர் போட்டுட்டேன்ப்பா. இப்ப உன்னைத் தொடலாமா?"

தொடலாம் என்று தலையை ஆட்டினேன். அந்தக் கைகளை மெதுவாக என் கன்னத்தில் வைத்தாள். கவர் காதோரம் மொறுமொறுத்தது. அத்தனை வருஷத்தில் நான் சொன்னதைக் கேட்டுக் கையுறை போட்டுக்கொண்ட ஒரே ஆள் அவள்தான். அதைக் கழற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.